சார் ராவிய புரொப்பல்லர்

செலஸ்தீனாவுக்கு முப்பத்தெட்டு வயது. அவளுடைய சீடருக்கு அறுபத்து மூன்று.

சிரிக்காதீர்கள். நான் கஸ்பார், விசைப்படகு வைத்திருக்கிறவன். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

சீடரின் பெயர் கோமதிநாயகம். கப்பல் பொறியியல் கல்லூரி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் புரொப்பல்லரைப் பற்றிப் பாடம் எடுத்தவர். இறக்கை எவ்வளவு சாய வேண்டும், எந்த வெண்கலத்தில் வார்க்க வேண்டும், வேகம் கூடினால் இறக்கையின் முதுகில் எங்கே குமிழி கிளம்பி உலோகத்தை அரிக்கும் என்று அத்தனையும் கரும்பலகையில் போட்டுக் காட்டுவாராம். ஓய்வு பெற்ற மறுநாளே, தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற செலஸ்தீனாவின் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

“கையால செய்யக் கத்துக் குடுங்க, மேஸ்திரி.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அரம் பிடிச்சிருக்கியளா சார்?”

“அரம் பிடிச்சதில்லை. படம் போட்டிருக்கேன்.”

“சரி, உள்ள வாங்க. செருப்போடயே வாங்க. கீழ பூரா வெண்கலத் தூளு.”

அப்படித்தான் சேர்ந்தார். அவள் அதிகம் பேச மாட்டாள். அவருக்கோ கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

ஒரு நாள் கேட்டார்: “ஒரு இறக்கை மட்டும் கனமா இருந்தா எவ்வளவு அதிரும்னு என்னால கணக்குப் போட முடியும். ஆனா அது எப்படி இருக்கும், மேஸ்திரி?”

 அந்தச் சமயம் பார்த்து என் படகு கடலில் மிதந்த ஒரு மரக்கட்டையில் மோதி, புரொப்பல்லர் வளைந்து வந்து நின்றிருந்தது. செலஸ்தீனா அவரைக் கூட்டி வந்து, பின்பக்கம் புரொப்பல்லர் தண்டுக்கு நேர் மேலே இருக்கிற பலகையில் உட்கார வைத்தாள்.

“கஸ்பாரண்ணே, துறைமுகத்துக்குள்ளயே ஒரு சுத்து.”

கால் மணி நேரத்தில் திரும்பினோம். சாரின் கண்ணாடி ஒரு பக்கம், பல் செட்டு கையில்.

“தெரிஞ்சுதா சார்?”

அவர் பல்லை மாட்டிக்கொண்ட பிறகுதான் பதில் வந்தது. “தெரிஞ்சுது.”

பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. அறுபத்தொரு நாள் படகு கரையில். என் புரொப்பல்லரைக் கழற்றி, நிமிர்த்திச் சமன் பார்க்கப் பட்டறையில் போட்டேன். சீசன் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் வேலை தள்ளிப் போய், ஜூன் பத்தாம் தேதிதான் என் முறை வந்தது. பதினைந்தாம் தேதி காலை ஐந்து மணிக்கு எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பும். முதல் நாள் வலையில் விழுகிற மீன்பாடுதான் பாடு. அன்றைக்குக் கரையில் நிற்கிறவன் முகத்தை வருஷம் முழுக்க யாரும் மறக்க மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து சார் வாயைத் திறந்தார். “மேஸ்திரி, இதை நான் தனியா செய்யுறேன். யாரும் கை வைக்கக் கூடாது. சரியா வந்தா, என்னையும் ஒரு வேலைக்காரன்னு நீங்க ஒத்துக்கணும்.”

 “செலஸ்தீனா, என் பொழப்புல விளையாடாத!”

“பாத்துக்கிடலாம்ணே,” என்றாள் அவள். சாரைப் பார்த்து, “காலையில வாங்க. ஸ்டாண்டுல ஏத்தி வைக்கேன்.”

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். புரொப்பல்லரின் நடு ஓட்டையில் ஒரு தண்டைச் செருகி, தண்டை நாலு உருளைமேல் வைப்பார்கள். விரலால் தொட்டாலே சுற்றும். எந்த இறக்கை கனமோ அது தானாகக் கீழே இறங்கும். அதை அரத்தால் ராவ வேண்டும். மறுபடி சுற்ற வேண்டும். எந்த நிலையில் நிறுத்திக் கையை எடுத்தாலும் அப்படியே நின்றால், வேலை முடிந்தது.

பட்டறையில் தகரக் கூரை. ஜூன் மாத வெயில். சார் வீட்டிலிருந்து ஒரு ஸ்டாண்ட் ஃபேன் கொண்டுவந்து, புரொப்பல்லருக்கு அந்தப் பக்கம் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார். பாவம், கல்லூரியில் ஏசியில் இருந்த உடம்பு.

முதல் நாள் சாயங்காலம் செலஸ்தீனா வந்து நின்றாள்.

“எந்த இறக்கை சார்?”

“முதலாவது.”

“ம்.” போய்விட்டாள்.

இரண்டாம் நாள்.

“எந்த இறக்கை சார்?”

“மூணாவது.”

“ம்.”

மூன்றாம் நாள் நான் போனேன். சார் இரண்டாவது இறக்கையை ராவிக்கொண்டிருந்தார். சுவர் முழுக்கச் சாக்பீஸில் கணக்கு. கீழே வெண்கலத் தூள் குவியலாகக் கிடந்தது.

“வார்ப்புல கோளாறு, கஸ்பார்,” என்றார். “உலோகத்துக்கு உள்ளே எங்கேயோ ஓட்டை இருக்கு. அதுக்கும் ஒரு சமன்பாடு எழுதிட்டேன்.”

“யோவ் சார், பத்து வருஷமா ஓடுன புரொப்பல்லர்யா அது! நேத்துத்தான் ஓட்டை விழுந்துச்சோ?” இறக்கையைத் தடவிப் பார்த்தேன். முறுகல் தோசை கணக்காக மெலிந்திருந்தது. அதில் நீளமாக ஒரு கீறல். என் நெஞ்சே கீறிக்கொண்ட மாதிரி வலித்தது. “இந்தா, இந்தக் கீறல் முயல் தீவுப் பாறையில பட்டது. எனக்குத் தெரியாதா என் புரொப்பல்லரை? பிள்ளை மாதிரி வச்சிருந்தேனே! இப்படி அரைச்சு எடுக்கியளே!”

செலஸ்தீனா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். “எந்த இறக்கை சார்?”

“ரெண்டாவது. அதுக்கு அப்புறம் திரும்பவும் முதலாவது.”

“ம்.”

அந்த ‘ம்’மைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதினான்காம் தேதி மத்தியானம். என் படகில் ஐஸ் ஏற்றியாயிற்று, வலை ஏற்றியாயிற்று, டீசல் போட்டாயிற்று. புரொப்பல்லர் மட்டும்தான் பாக்கி. தூக்கிப் போக இரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

சார் தரையில் உட்கார்ந்திருந்தார். ஸ்டாண்டில் புரொப்பல்லர் மெல்ல, மெல்ல, அசைந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். ஏச வந்த எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

செலஸ்தீனா உள்ளே வந்தாள்.

“மேஸ்திரி,” என்றார் சார், “மூணுல எதுதான் கனம்? ஒண்ணைச் சரி பண்ணினா அடுத்தது இறங்குது. நான் முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்ததெல்லாம் பொய்யா?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். ஸ்டாண்டைச் சுற்றிப் போய், ஃபேனின் பிளக்கைப் பிடுங்கினாள்.

ஃபேன் நின்றது. அவள் ஓர் இறக்கையை நேர் மேலே நிறுத்திக் கையை எடுத்தாள். புரொப்பல்லர் அப்படியே நின்றது. இன்னொன்றை மேலே வைத்தாள். அதுவும் நின்றது. மூன்றாவதும் நின்றது. ஓர் ஈ வந்து இறக்கை நுனியில் உட்கார்ந்து, காலைத் தேய்த்துவிட்டுப் பறந்து போனது. அதற்கும் அசையவில்லை.

சார் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். “காத்து...” என்றார். “காத்து பட்டாலும் இறக்கை திரும்பும். முதல் வருஷம், முதல் பாடம். நான்தான் எடுத்தேன்.”

“மூணையும் ஒரே அளவா ராவியிருக்கிய சார்,” என்றாள் அவள். “கை நல்லா வந்திருக்கு.”

“கை வந்து என்னத்துக்கு?” நான் கத்தினேன். “என் புரொப்பல்லர் போச்சே! நாளைக்கு நான் என்ன, துடுப்புப் போட்டா போவேன்?”

அவள் மூலையில் கிடந்த சாக்கை இழுத்தாள். உள்ளே ஒரு புரொப்பல்லர், கனமாக, திடமாக, பளபளவென்று இருந்தது.

“உங்களுது இந்தா இருக்குண்ணே. பதினொண்ணாந்தேதியே முடிச்சாச்சு.”

“அப்போ அது?”

“உருக்கப் போட வச்சிருந்த பழசு.”

“அந்தக் கீறல்? முயல் தீவு...”

“அது சாரோட அரம் வழுக்குனது.”

என்னோடு வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள் பாருங்கள், இன்றைக்கும் என்னைக் கண்டால் முயல் தீவு என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாயை மூடிக்கொண்டு என் புரொப்பல்லரைத் தூக்கச் சொன்னேன்.

சார் முகம் சுருங்கிப் போயிற்று. “பழசா? என்னை நீங்க நம்பலை.”

“முதல் தடவை யாருக்கும் பழசுதான் சார். நான் நாலு பழசை நாசம் பண்ணியிருக்கேன்.”

 அவருக்குச் சமாதானம் ஆகவில்லை.

“அது இருக்கட்டும், மேஸ்திரி. காத்துனாலதான்னு முதல் நாளே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நாலு நாளா ‘ம்’, ‘ம்’னுட்டுப் போனீங்களே, ஏன் ஒண்ணும் செய்யலை?”

“முதல் நாளே, நீங்க சுவத்துல கணக்கு எழுதிக்கிட்டு இருந்தப்ப, ஃபேனை நிப்பாட்டுனேன் சார். ‘எவன்டா இதை நிப்பாட்டுனது’ன்னு சத்தம் போட்டுட்டு, நீங்கதான் மறுபடி போட்டிய.”