மண்ணை மிதிக்காதவர்

"தாயே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரை இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட எனக்கு அதிகாரம் இருக்கா, இல்லையா?"

முன்சீப் திருமேனிநாதன் இதைக் கேட்டபோது ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நுழைகிற அவசரத்தில் வாசல் நிலையில் இடித்துக்கொண்டுவிட்டார். நன்றாகவே இடித்துக்கொண்டார்.

குடிசைக்குள் உலகம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

முன்சீப்புக்கு ஐம்பத்தெட்டு வயது. உலகம்மைக்கு முப்பத்தைந்து இருந்தால் அதிகம். எழுத்து வாசனையும் கிடையாது. ஆனாலும் சட்டப் புத்தகம் கைவிட்டால் முன்சீப் இங்கேதான் வருவார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"ரத்தம் வருது, தாயே."

"வருது."

"கொஞ்சம் மஞ்சள் இருந்தா..."

"நான் உங்களைக் கூப்பிட்டேனா?"

அவர் யோசித்தார். "இல்லை."

"அப்புறம்?"

மறுபடியும் அரிசி, மறுபடியும் கல்.

முன்சீப்புக்குக் கோபம் வந்தது. அதையும் நெற்றியோடு சேர்த்து மேல்துண்டால் அழுத்திக்கொண்டு வழக்கைச் சொன்னார்.

ஆற்றுக்கு இந்தக் கரை ஒரு சமஸ்தானம், அந்தக் கரை வேறொரு சமஸ்தானம். ராஜா வேறு, சட்டம் வேறு, மொழி வேறு, எழுத்தும் வேறு. முன்சீப்பின் அதிகாரம் ஆற்றங்கரையோடு சரி.

அந்தக் கரையில் மாதண்ணா என்பவர் கண் மை செய்கிறார். சின்னப் பித்தளைச் செப்புகளில் அடைக்கிறார். வாரா வாரம் சந்தைப் படகில் நூறு செப்பாவது இந்தக் கரைக்கு வந்து இறங்கும். கொண்டுவருவது படகுக்காரர்கள். மாதண்ணா இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

இந்தக் கரையில் அஞ்சுகம் ஒரு செப்பு வாங்கினாள். மூன்றாம் நாள் இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் இப்போதைக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

"வைத்தியர் என்ன சொல்றார்?" என்றார் உலகம்மை.

"அந்த மையில என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சா மாற்று மருந்து குடுக்கலாம், வலது கண்ணைக் காப்பாத்திடலாம்ங்கிறார். தெரியாம எதையாவது குடுத்தா அதுவும் போயிடுமாம். ஒரு மாசம்தான் தவணை."

"செஞ்சவரைக் கேளுங்க."

"அதுக்குத்தானே அவரைக் கூப்பிடணும்! அவர் வக்கீல் என்ன சொல்றார் தெரியுமா? 'எங்க கட்சிக்காரர் உங்க மண்ணை மிதிச்சதே இல்லை. அவரைக் கேட்க உங்களுக்கு என்ன பாத்தியதை? வேணும்னா அந்தப் பொண்ணு எங்க ஊர் கோர்ட்டுல வந்து கேட்கட்டும்.' மூணு நாள் வண்டிப் பயணம், தாயே. மொழி தெரியாது. கண்ணும் தெரியாது."

"அப்ப கூப்பிட்டுடுங்க."

"அதெப்படி? இன்னைக்கு நான் அவரைக் கூப்பிட்டா, நாளைக்கு அந்த ஊர் முன்சீப் நம்ம ஊர் வெத்தலை வியாபாரியைக் கூப்பிடுவார். யாரோ ஒருத்தன் அந்தச் செப்பை மடியில கட்டிக்கிட்டுக் கடல் தாண்டிப் போறான்னு வைங்க. அங்கேயும் மாதண்ணா போய் நிக்கணுமா? பொருள் போற இடத்துக்கெல்லாம் ஆளும் போகணும்னா, எவன் ஒரு பொருளைச் செய்வான்?"

"அப்ப கூப்பிடாதீங்க."

"அந்தப் பொண்ணு கண்ணு?"

உலகம்மை ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார்.

முன்சீப் அந்தக் கல்லையே பார்த்தார். இதில் ஏதாவது உள்ளர்த்தம் இருக்கும் என்று எழுந்து போய்க்கூடப் பார்த்தார். வெறும் கல்.

திரும்பி வந்து மடியிலிருந்து பித்தளைச் செப்பை எடுத்து வைத்தார். உலகம்மை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடியில என்னமோ வெட்டியிருக்கே."

"அது ஒண்ணுமில்லை. வியாபாரிங்க போடறதுதான்."

"எனக்குப் படிக்கத் தெரியாது" என்று செப்பை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். "நாளைக்குக் காலையில வாங்க."

போகும்போது முன்சீப் ஞாபகமாகக் குனிந்து போனார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று மத்தியானம் மாதண்ணா வந்துவிட்டார்.

வந்தார், ஆனால் வரவில்லை. கோர்ட்டு ஆற்றங்கரையிலேயே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். மாதண்ணாவின் படகு கரைக்கு இருபது முழம் தள்ளி நங்கூரம் போட்டு நின்றது. 'வராமலே இருந்தால் உங்கள் பேச்சைக் கேட்காமல் தீர்ப்பு எழுதிவிடுவார்கள், வந்து மண்ணை மிதித்தால் பிடித்துக்கொள்வார்கள்' என்று வக்கீல் சபாரத்தினம் ஓலை அனுப்பியிருந்தார். மனிதர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகில். வக்கீல் கரையில் நின்று அவர் மொழியில் கத்துவார். அவர் படகிலிருந்து பதில் கத்துவார். வக்கீல் அதைத் தமிழில் உள்ளே வந்து சொல்வார்.

ஊரே கரையில் நின்று பார்த்தது. சுண்டல் விற்கிறவருக்கு நல்ல வியாபாரம்.

கோர்ட்டுத் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் முன்சீப்பின் காதோடு சொன்னார். "எசமான், படகில ஒரு ஓட்டை போட்டாப் போதும். ஆள் தானா கரைக்கு வந்துடுவார். கால் மண்ணுல பட்ட உடனே சம்மனைக் கையில குடுத்துடலாம்."

முன்சீப் அவரை முறைத்தார். ஆனால் அந்த யோசனை அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டார்.

மறுநாள் காலை.

"வாங்க, வாங்க!" உள்ளிருந்து உலகம்மையின் குரல்.

இத்தனை வருஷத்தில் அந்தக் குரல் அவரை இப்படிக் கூப்பிட்டதில்லை. முன்சீப் பூரித்துப்போய் விறுவிறுவென்று நுழைந்தார்.

அதே நிலை. அதே நெற்றி.

முறம் ஒரு பக்கம் விழுந்தது, அரிசி ஒரு பக்கம் சிதறியது. உலகம்மை ஓடிவந்து அவரைப் பிடித்து உட்காரவைத்தார். தண்ணீரால் துடைத்தார். மஞ்சள் வைத்தார். தன் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டார்.

"என் தப்பு, ஐயா. நிலை தாழ்வா இருக்குன்னு நான் சொல்லியிருக்கணும்."

முன்சீப் விழித்தார்.

"நேத்தும் இதே நிலைதான்."

"ஆமா."

"இதே நெத்திதான்."

"ஆமா."

"நேத்து திரும்பிக்கூடப் பார்க்கலையே, தாயே!"

"நேத்து நீங்களா வந்தீங்க."

"நேத்தும் வலிச்சது!"

"வலிக்காம இருக்குமா?" உலகம்மை கட்டை இறுக்கி முடிந்தார். சிதறின அரிசியைக் கூட்டி அள்ள ஆரம்பித்தார்.

முன்சீப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு நாளில் கிடைத்தது இரண்டு இடியும் ஒரு கட்டும்தான்.

கடைசியில் மெதுவாக, வெட்கத்தோடு கேட்டார். "படகில ஒரு ஓட்டை போட்டு அவரை இறக்கிட்டா?"

"இறங்கினா கால் வரும். ஆள் வருவாரா?"

"விளங்கலை, தாயே."

"போயிட்டு வாங்க" என்றார் உலகம்மை. பிறகு அவசரமாக, "குனிஞ்சு!" என்றார்.

மூன்றாம் நாள் தீர்ப்பு.

முன்சீப் இரண்டு உத்தரவு எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'மாதண்ணா இந்தக் கோர்ட்டில் ஆஜராகிப் பதில் சொல்ல வேண்டியது' என்று ஒன்று. 'இந்தக் கோர்ட்டின் எல்லைக்கு வராததால் மனுவை மனுதாரரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டியது' என்று ஒன்று. முதலாவது வலது பையில், இரண்டாவது இடது பையில். இரண்டிலும் கையெழுத்து இல்லை. எதை எடுக்கப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

நெற்றிக் கட்டைப் பார்த்துச் சிரஸ்தார் ஏதோ கேட்க வந்தார். கேட்கவில்லை.

வக்கீல் சபாரத்தினம் நன்றாகவே பேசினார். "செப்பு வந்தது, வாஸ்தவம். செப்புக்குக் கால் கிடையாது. யாரோ கொண்டுவந்தார்கள், யாரோ வாங்கினார்கள். என் கட்சிக்காரர் தன் ஊரில், தன் வீட்டில், தன் அடுப்பில் மை காய்ச்சினார். அதைத் தவிர அவர் செய்தது என்ன?"

முன்சீப்பின் கை இடது பைப்பக்கம் போயிற்று.

"அம்மா அஞ்சுகம், நீ ஏதாவது சொல்லணுமா?"

அவளை ஒரு பக்கத்து வீட்டுக்காரி கைபிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"எனக்குச் சட்டம் தெரியாதுங்க. என்ன கலந்தாங்கன்னு மட்டும் அவரைச் சொல்லச் சொல்லுங்க. எங்க தெருவுல நாலு கடுதாசி பிரிக்காம கிடக்கு. என்னால படிக்க முடியலை."

அஞ்சுகம் தெருவுக்கே கடிதம் படித்துச் சொல்கிறவள். அந்தத் தெருவில் எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

முன்சீப் என்ன கேட்பது என்று தெரியாமல், கேட்க வேண்டுமே என்பதற்காக ஒன்று கேட்டார்.

"சந்தையில எத்தனையோ மை விக்குது. இதை ஏம்மா வாங்கினே?"

"படிச்சேன். அதனால வாங்கினேன்."

"எதைப் படிச்சே?"

"அந்தச் செப்பைக் குடுங்க, ஐயா."

கொடுத்தார்கள். அவள் மூடியை முகத்தருகே கொண்டுபோகவில்லை. பெருவிரலால் தடவினாள். வெட்டின எழுத்துக்குள் நகம் மெதுவாக இறங்கி ஏறியது.

"வா... ங்... க."

விரலை எடுக்காமலே சொன்னாள்.

"மத்தச் செப்புலயெல்லாம் வெறும் பூப் போட்டிருந்துச்சு. இதுல மட்டும் நம்ம எழுத்துல 'வாங்க'ன்னு இருந்துச்சு. யாரோ நம்மளைத்தான் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன்."

முன்சீப்பின் கை நெற்றிக் கட்டுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

"வக்கீலய்யா" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "உங்க கட்சிக்காரருக்கு நம்ம எழுத்து படிக்கத் தெரியுமா, கேளுங்க."

சபாரத்தினம் ஜன்னலில் நின்று கத்தினார். பதில் வந்தது.

"தெரியாதாம்."

"அவங்க கரையில வேற யாருக்காவது?"

"ஒருத்தருக்கும் தெரியாதாம்."

"அப்ப இதை எதுக்கு வெட்டினார்?"

இந்தத் தடவை படகிலிருந்து பதில் வர நேரமாயிற்று. வந்த பதிலை வக்கீல் உடனே சொல்லவில்லை.

"சொல்லுங்க."

"நம்ம ஊர்ப் படகுக்காரர் ஒருத்தரைக் கேட்டு எழுதி வாங்கினாராம். அதை வச்சு அச்சு வெட்டினாராம். இந்தக் கரைக்கு வர்ற செப்புல மட்டும் அந்த மூடியைப் போடுவாராம்." சபாரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவருக்குத் தெரிஞ்ச ஒரே தமிழ்ச் சொல் அதுதானாம்."

"அர்த்தம் தெரியுமாமா?"

"தெரியுமாம்."

முன்சீப் இடது பையிலிருந்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். வலது பையிலிருந்ததை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

டவாலி தன் சிவப்புக் கச்சையைச் சரிசெய்துகொண்டு ஜன்னலருகே போனார். மார்பு நிறைய மூச்சை இழுத்தார். மூன்று முறை பெயர் சொல்லி அழைப்பது வழக்கம்.

"நீ இரப்பா" என்றார் முன்சீப். "அஞ்சுகம், நீயே கூப்பிடு."

அவளுக்கு யாரும் ஜன்னலைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஆறு வெயிலில் மின்னுகிற பக்கம் அவள் வலது கண்ணுக்குத் தெரிந்தது. கையில் செப்போடு அந்தப் பக்கம் திரும்பினாள்.

"வாங்க!"

மொழிபெயர்த்துச் சொல்ல வக்கீல் வாயைத் திறந்தார்.

அதற்குள் படகில் மாதண்ணா எழுந்து நின்றுவிட்டார்.