ஹேண்ட் பிரேக்கும் பரணில் கிடந்த செருப்பும்

"கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறேன் அம்மிணி. அதுக்கு இதுவா கூலி? மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறா."

வந்ததும் வராததுமாகச் சென்னியப்பன் இதைத்தான் சொன்னார். அறுபதைத் தாண்டிய மனுசன், வேட்டி முனையைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

அம்மிணி என்பது அவள் பேரில்லை. சேர்வராயன் மலைச் சரிவில் காப்பி நாற்று விற்றுப் பிழைக்கிற நாற்பது வயதுப் பெண். மலையே அவளை அப்படித்தான் கூப்பிடும். மனசில் முடிச்சு விழுந்தவர்கள் அவளிடம் வருவார்கள். குருவே என்று எவராவது கும்பிட்டால் போச்சு, வாளியைக் கையில் கொடுத்து நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிடுவாள். சென்னியப்பனும் அப்படி வாளி வாங்கியவர்தான். இப்போது அவளுடைய ஜீப்பை ஓட்டுகிறவரும் அவர்தான்.

"யாருங்கண்ணா பேச மாட்டேங்கறது?"

"எம்பொண்டாட்டிதான். வேற யாரு?"

விஷயம் இதுதான். தை மாதம் சந்தையில் அவர் மனைவி பாவாத்தாள் மயங்கி விழுந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றதால் வந்த மயக்கம், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக நடக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். டாக்டர் சொல்லி என்ன பண்ண? சென்னியப்பனுக்கு அன்றைக்குப் போன உயிர் முழுசாகத் திரும்பவே இல்லை. கடைக்குப் போகாதே என்றார். அப்புறம் கிணற்றடிக்கும் போகாதே என்றார். கடைசியில் வாசற்படி இறங்கினாலே கத்த ஆரம்பித்தார். பாவாத்தாள் சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள். ஒரு மாதமாக வாயே திறப்பதில்லை.

"இன்னிக்குக் கீழூர்ல அவ தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு," என்றார். "இவ தூக்கி வளத்த புள்ள. விடிஞ்சதும் பட்டுச்சேலை கட்டி உக்காந்துட்டா. ரோட்டுல ரெண்டு வளைவு இறங்கோணும் அம்மிணி. வழியில விழுந்து கிழுந்து வெச்சா?"

"நீங்களே கூட்டிட்டுப் போலாமுங்களே."

"கூட்டிட்டுப் போறேன்னு சொன்னனே! எங்கையப் புடிச்சுட்டே வரோணும், வளையலப் போட்டதும் எங்கூடவே திரும்பிரோணும்னேன். அப்படின்னா வேண்டாம்னு தலைய ஆட்டிப்போட்டா."

"அவங்க பாட்டுக்குப் போயிட்டா?"

"எப்படிப் போவா? செருப்ப எடுத்துப் பரண்ல போட்டுட்டுல்ல வந்திருக்கறேன்."

சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது.

அம்மிணி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"சித்த இருங்கண்ணா. ரெண்டு மூணு நாளா ஜீப்புல கருகுற வாசம் அடிக்குது. அதப் பாத்துட்டு உங்க வெசனத்தப் பேசலாம்."

சென்னியப்பனுக்குச் சுர்ரென்று வந்தது. இங்கே குடும்பமே கருகிக்கொண்டிருக்கிறது, இவளுக்கு ஜீப்பு! ஆனாலும் அம்மிணி சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. முணுமுணுத்துக்கொண்டே முற்றத்துக்குப் போனார்.

முன்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினார். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் தள்ளினார்.

சக்கரம் அசையவில்லை.

"பிரேக்க எடுத்துட்டீங்களாண்ணா?"

"எடுத்துட்டேனே."

"அப்பறம் ஏன் சுத்தல?"

சக்கரத்தின் நடுவே தொட்டுப் பார்த்தவர், விரலை வெடுக்கென்று உதறிக்கொண்டார். அவர் இப்போதுதான் ஓட்டிவந்த வண்டி, அவ்வளவு சூடு.

"அடப்பாவமே! ஆருங்கண்ணா இப்படி இறுக்குனது?"

"நாந்தான்."

"ஏனுங்க?"

"போன வாரம் காப்பிக் காட்டுல நிறுத்திட்டுப் போனப்ப அது பாட்டுக்கு உருண்டு போச்சுல்ல. சூடு கண்ட பூனையாட்டம் ஆயிட்டேன் அம்மிணி. வந்ததும் வராததுமா பிரேக் கேபிள் நட்டப் புடிச்சு, இனித் திரும்பாதுங்கற வரைக்கும் இறுக்கிட்டேன்."

"அன்னிக்கு எதனால உருண்டுச்சு?"

"உள்ளாற சக்கரத்தப் புடிக்கிற லைனிங் தேஞ்சு, எடவெளி விழுந்திருக்கும்."

"அதப் பாத்தீங்களா?"

"பயத்துல எங்கத்த பாக்கறது?"

அம்மிணி ஸ்பானரை எடுத்து நீட்டினாள்.

சூடு ஆறின பிறகு சக்கரத்தைக் கழற்றி, லைனிங்கை மூடியிருக்கும் டிரம்மைத் தட்டி எடுத்தார். உள்ளே லைனிங் கன்னங்கரேல் என்று கிடந்தது. சென்னியப்பனுக்கு மனசு சங்கடப்பட்டது.

"இன்னும் ஒரு வருசம் உழைக்க வேண்டியது," என்றார். "போட்டு வறுத்து எடுத்துட்டேன்."

கரியை உப்புத்தாளால் தேய்த்தார். கேபிள் நட்டை முழுக்கத் தளர்த்தினார். முதலில் உள்ளே இருக்கிற இடைவெளியைச் சரிசெய்தார். டிரம்மையும் சக்கரத்தையும் மாட்டி, கடைசியாகத்தான் கேபிளுக்கு வந்தார். கொஞ்சம் திருகுவார், பிரேக்கை இழுத்துப் பார்ப்பார், இறக்கிவிட்டுச் சக்கரத்தைத் தள்ளிப் பார்ப்பார். மறுபடியும் கொஞ்சம்.

பார்த்துக்கொண்டே இருந்த அம்மிணி, "இன்னொரு சுத்து இறுக்கிருங்கண்ணா," என்றாள்.

"வேண்டாம் அம்மிணி. இது போதும்."

"எதுக்கும் இருக்கட்டுமேங்க."

"அட, சொன்னாக் கேளுங்க! இழுத்தா நிக்கோணும், உட்டாச் சுத்தோணும். அதுதான் கணக்கு."

"உட்டா ஓடிப் போயிருமே?"

"வண்டின்னா ஓடாம?" சென்னியப்பனுக்குக் கோபமே வந்துவிட்டது. "நிக்கறதுக்கா வண்டி வாங்குனீங்க? எந்நேரமும் புடிச்சுட்டே இருந்தா, அது பாவம், எப்படித்தான்..."

ஸ்பானரை மெல்லக் கீழே வைத்தார்.

அம்மிணி குனிந்து சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளினாள். சத்தமில்லாமல் அது சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

சென்னியப்பன் குத்தவைத்து உட்கார்ந்து அதையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. துடைக்கப் போனவர், கையெல்லாம் கிரீஸ் என்று விட்டுவிட்டார்.

சக்கரம் ஓய்ந்த பிறகு அம்மிணி மெதுவாகக் கேட்டாள்.

"என்னமோ வெசனம்னு வந்தீங்களேண்ணா. இப்பப் பேசலாமுங்களா?"

ஸ்பானர் தரையில் கிடந்தது. ஜீப் ஜாக்கியிலேயே நின்றது. சென்னியப்பன் வீட்டுக்குப் பாதி வழி இறங்கியிருந்தார்.

வீட்டில் பாவாத்தாள் பட்டுச்சேலையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இவர் முக்காலி போட்டு ஏறி, பரணைத் துழாவி, செருப்பை எடுத்தார். வேட்டி முனையால் தூசியைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கிரீஸ் அப்பியதுதான் மிச்சம். அப்படியே கொண்டுபோய் அவள் காலடியில் வைத்தார்.

"சாப்பிட்டியா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அப்பப் போயிட்டு வா, கண்ணு."

பாவாத்தாள் செருப்பைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பேசாமல் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

சென்னியப்பன் வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னாடியே ஓடச் சொல்லி மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அவள் முதல் வளைவுக்குப் போனாள். அங்கே நின்றாள்.

பாவாத்தாள் திரும்பினாள்.

"ஏனுங்க! பொழுது சாயறப்ப வந்து கூட்டிட்டுப் போங்க. விசேச வூடு, கையக் கழுவிட்டு வாங்க!"