ஆறு மாதம் நிற்க வேண்டிய ஆறு

முன்னொரு காலத்தில் ஓர் அரசனுக்கு மேட்டுநிலத்திலும் நெல் விளைய வேண்டும் என்று ஆசை வந்தது. உடனே ஆற்றங்கரையில் பனை உயரத்துக்கு ஒரு மரச்சக்கரம் எழுந்தது. விளிம்பு முழுக்கக் குடங்கள். ஆற்றின் ஓட்டமே சக்கரத்தைச் சுழற்றியது. குடங்கள் நிறைந்து ஏறின. ஆனால் வழியிலேயே சிந்திவிட்டன. உச்சியிலிருந்த தொட்டியில் ஒரு சொட்டு இல்லை!

அரசவை விகடன் குழைக்காதன் கயிற்றை இறுக்கிப் பார்த்தான், குடத்தை மாற்றிப் பார்த்தான். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்ததே தவிர, காரணம் பிடிபடவில்லை. மேட்டில் நாற்றுகள் மஞ்சளாகத் தொடங்கின.

"ஒரு வாரத்தில் நீர் ஏறாவிட்டால் சக்கரம் விறகாகும். மேட்டுநிலத்துக் குடிகள் வேறு ஊர் பார்க்கட்டும்" என்றான் அரசன்.

அண்டை நாட்டில் நீர்ச்சக்கரம் கட்டும் திம்மக்காவுக்குக் குழைக்காதன் ஆள் அனுப்பினான். அவளும் உளியோடு வந்தாள். ஆனால் காவலர்கள் எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். அமைச்சர் தாண்டவராயர் போட்ட சட்டம் அப்படி: "அயல்நாட்டிலிருந்து வருவது எதுவாயினும் எல்லையில் ஆறு மாதம் நிற்க வேண்டும்."

"அமைச்சரே, அதற்குள் நாற்று வைக்கோலாகிவிடுமே!"

"வெளியாள் வந்தால் நம் தச்சர்களின் உளி துருப்பிடிக்குமே, விகடரே! சட்டத்தை ஓர் எழுத்தும் தவறாமல் நிறைவேற்றும்."

"உத்தரவு!" என்று கும்பிட்டுவிட்டுக் குழைக்காதன் எல்லைக்குப் பறந்தான்.

மறுநாள் காலை தாண்டவராயர் தலை நிறையச் சீயக்காயோடு சபைக்குள் ஓடிவந்தார். "மன்னா! குளித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு நின்றுவிட்டது! ஐயோ, கண் எரிகிறதே!"

"நிற்காதா பின்னே?" என்றான் குழைக்காதன். "ஆறும் அயல்நாட்டிலிருந்துதானே வருகிறது? எல்லை மதகை அடைத்து, 'ஆறே, ஆறு மாதம் நில்' என்று சொல்லிவிட்டேன். ஓர் எழுத்தும் தவறவில்லை!"

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. "ஆற்றையும் விடு, அந்த அம்மாளையும் விடு!"

அன்று மாலையே திம்மக்கா வந்தாள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்வரைதான் பார்த்தாள். "அட சாமி, குடத்தை நேராக் கட்டியிருக்கீங்களே! உச்சிக்கு வர்றதுக்குள்ள கவுந்துடுது பாருங்க. வாயை வெளிப்பக்கமாக் கொஞ்சம் சாய்ச்சுக் கட்டுங்க."

கட்டினார்கள். இப்போது உச்சிக்கு வந்த பிறகே குடங்கள் கவிழ்ந்தன. தொட்டி நிரம்பி வழிந்தது!

"எல்லாம் சரி, நம் தச்சர்கள் கதி?" என்று முனகினார் தாண்டவராயர்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகக் குழைக்காதனுக்கும் பட்டது. அவன் ஒரு வழி சொன்னான். அரசன் மறுபடி சிரித்து, தன் பட்டுச் சால்வையை அவனுக்குப் போர்த்தி, எல்லைக் காவலையும் அவனிடமே ஒப்படைத்தான். அன்று முதல் சட்டம் இதுதான்: நம்மிடம் இல்லாத தொழிலைத் தெரிந்தவர் எல்லையில் நிற்காமல் உள்ளே வரலாம், அவரோடு உள்ளூர்த் தொழிலாளர் இருவர் கூடவே நின்று வேலை செய்ய வேண்டும்.