பந்தியில் சண்டை மூட்டுவது எப்படி

"சாமி, இந்தச் சனத்தைத் திருத்தவே முடியாது" என்றார் கோமதிநாயகம்.

மடத்தில் மாதாமாதம் அன்னதானப் பந்தியை நடத்துகிறவர் அவர். சீடர்தான், ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர். குருவை ஊரே சின்னச்சாமி என்றது. சின்னச்சாமி சீடரை அண்ணாச்சி என்றார்.

"போன மாசம் என்ன ஆச்சு, அண்ணாச்சி?"

"சாம்பார் வாளி கவுந்துட்டு. ஒருத்தன் வேட்டிய இன்னொருத்தன் உருவிட்டான். போலீஸ் வந்துச்சு. வந்த போலீசும் பாயசம் இருக்கான்னு கேட்டுச்சு."

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அரிசி தர்ற முதலாளி சொல்லிட்டாரு. நாளைக்கும் அடிதடின்னா இதான் கடைசிப் பந்தி. மலையடிவாரத்துல இருந்து நடந்து வர்ற சனம் இனி எங்க போவும்? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். ஒண்ணும் ஓடல."

"சண்டைய நிறுத்த வழி தெரியல."

"தெரியல, சாமி."

"அப்ப அதை விடுங்க. சண்டை மூட்ட வழி தெரியுமா?"

"என்னது?"

"நாளைக்குப் பெரிய அடிதடி நடக்கணும். சட்டை கிழியணும். எப்படி நடத்துவீங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

"மடத்துல வச்சுப் பேசுற பேச்சா சாமி இது?" என்றார் அண்ணாச்சி.

ஆனால் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஒரு களை வந்தது.

"முதல்ல மைக்கைப் பிடிச்சு, 'பாயசம் கொஞ்சந்தான் இருக்கு, முந்துங்க'ன்னு ஒரு சத்தம் விடணும்."

"பலே."

"சாப்பிடுறவன் முதுகுக்குப் பின்னால அடுத்த பந்திக்காரனை நிறுத்தணும். இவன் மோருக்குக் கை நீட்டும்போதே அவன் நாற்காலியப் பிடிச்சு இழுப்பான்."

"பிரமாதம். அப்புறம்?"

"பக்கத்துக் கதவு வழியா நமக்கு வேண்டியவங்களை மட்டும் உள்ள விடணும். மத்தவன் கண்ணுல படுற மாதிரி விடணும், சாமி. அதான் முக்கியம்."

சாமி கீரையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

"அருமையான திட்டம். இவ்வளவையும் செய்ய ஆளுக்கு எங்க போறது?"

"ஆள் எதுக்கு சாமி? போன மாசம் இதை நானே…"

அண்ணாச்சி நிறுத்தினார்.

சாமி மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மைக்கில் அண்ணாச்சியின் குரல் வந்தது.

"பாயசம் நிறைய இருக்கு. மெதுவா வாங்க. கூப்பிடுற வரைக்கும் பந்தல்ல உக்காருங்க."

கூட்டம் திகைத்தது.

"அண்ணாச்சிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றது ஒரு குரல்.

"வேற ஆளு பேசுதான்டே" என்றது இன்னொன்று.

ஆனாலும் உட்கார்ந்தார்கள். முதல் பந்தி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. வாளி கவிழவில்லை. வேட்டிகள் அவரவர் இடுப்பிலேயே இருந்தன.

மூன்றாவது பந்திக்கு இலை போடும்போது பக்கத்துக் கதவை யாரோ தட்டினார்கள்.

அண்ணாச்சி திறந்தார்.

சின்னச்சாமி. கூடவே அரிசி முதலாளி. இருவரும் எப்போதும் அந்த வழியாகத்தான் வருவார்கள்.

பந்தலில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டினான்.

அண்ணாச்சி குருவைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார்.

"சாமி, பந்தல்ல போய் உக்காருங்க. கூப்பிடுவோம்."

முதலாளி வாயைத் திறந்தார். சாமி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கடைசி வரிசையில், கைக்குழந்தையோடு இருந்த ஒருத்திக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

மடித்துக் கட்டியவன் வேட்டியை இறக்கிவிட்டான்.

சாமி உள்ளே போகிற வாளிகளைப் பார்த்தார். முன்னால் இருக்கும் தலைகளைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, கழுத்தை நீட்டிக் கேட்டார்:

"அண்ணாச்சி… பாயசம் இருக்கும்லா?"