தவறாத விராலடிப்பான்

நெடுங்கரை ஏரியில் ஒரு விராலடிப்பான் இருந்தான். மீனைத் தவிர வேறெதையும் தொடாத வேட்டைப் பறவை. ஐப்பசியில் வடக்கேயிருந்து பறந்து வருவான். பங்குனி பிறந்ததும் திரும்பிப் போய்விடுவான். மலைகளைத் தாண்டி அத்தனை தூரம் பறக்க வேண்டுமென்றால் உடம்பில் கொழுப்பு ஏற வேண்டாமா? அதனால் மாசி மாதத்தில் அவன் வயிறு நிறையச் சாப்பிட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியில் விழுந்து சாக வேண்டியதுதான்.

அவன் மீன் பிடிக்கிற விதமே தனி. தென்னை உயரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பான். தண்ணீரில் மீன் தெரிந்தால் கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு தொபுக்கடீர் என்று விழுவான். இரண்டு முழ ஆழத்துக்குக் கீழே அவனால் போக முடியாது. மீன் சற்றே நழுவினால் போச்சு! நாலு தடவை விழுந்தால் ஒரு தடவைதான் மீன். மற்ற மூன்று தடவையும் வெறுங்காலோடு எழுந்து, நனைந்த நாய் மாதிரி உடம்பை உதறிக்கொண்டு, மறுபடி மேலே போவான். அதில் அவனுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

ஏரி நடுவே பட்டுப்போன கருவேல மரத்தில் ஒரு செம்பருந்து உட்கார்ந்திருப்பான். மகா சோம்பேறி! விராலடிப்பான் மீனோடு எழும்பும்போது குறுக்கே பாய்ந்து மிரட்டுவான். இரண்டு மீனுக்கு ஒன்றையாவது பிடுங்கிக்கொள்வான். வயிறு நிறைந்ததும் வாய் சும்மா இருக்குமா?

“என்ன மாப்பிள்ளே, இன்னிக்கும் குளியல்தானா? காலையிலேர்ந்து ஏழு தடவை விழுந்தே. ஆறு தடவை வெறுங்கால்!”

நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நீந்திக்கொண்டிருந்த நாமக்கோழிகள் கெக்கெக்கென்று சிரித்தன. “ஆறா? நாங்க அஞ்சுன்னு நினைச்சோம்!” என்றது ஒன்று. மறுபடியும் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு விராலடிப்பானுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை நாள் அவன் தவறியதை அவனே கவனித்ததில்லை. இப்போது ஏரி முழுவதும் கவனிக்கிறது என்று தெரிந்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

“இனிமே நிச்சயமா கிடைக்கும்னு தெரிஞ்சாத்தான் விழுவேன்!” என்று முடிவு கட்டிக்கொண்டான்.

மறுநாள் வானத்தில் நின்றான். கீழே ஒரு கெண்டை தெரிந்தது. கொஞ்சம் ஆழமோ? விட்டுவிட்டான். இன்னொன்று தெரிந்தது. வெயில் கண்ணைக் கூசுகிறதே! அதையும் விட்டான். சாயங்காலம் வரை நின்றுவிட்டு வெறும் வயிற்றோடு கரையிலிருந்த பனைமரத்துக்குத் திரும்பினான்.

ஆனால் நாமக்கோழிகள் சிரிக்கவில்லை. “பார்த்தீங்களா! இன்னிக்கு ஒரு தடவைகூட அவர் தவறலே!” என்றன.

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டாம் நாளும் விழவில்லை. மூன்றாம் நாளும் விழவில்லை. ‘தவறாதவர்’ என்று ஏரியே அவனுக்குப் பேர் வைத்தது. ஆறாம் நாள் அவன் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நின்றது. காற்றில் நிற்கும்போதே சிறகு நடுங்கியது. பேர் மட்டும் கொழுத்துக்கொண்டே போனது, பாவம்!

அன்று நேர் கீழே ஒரு பெரிய விரால் மேலே வந்தது. விராலால் தண்ணீருக்குள்ளேயே கிடக்க முடியாது. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போக வேண்டும். வழக்கமாகப் பயந்து பயந்து வந்து சட்டென்று மறையும். இதுவோ சாவகாசமாக வாயைத் திறந்து, காற்றைக் குடித்து, அண்ணாந்து பார்த்தது.

“வணக்கம் சாமி! ஆறு நாளா ஒரு தடவைகூட நீங்க தவறலையாமே! உங்களை மாதிரி வேட்டைக்காரர் உண்டா! இப்படியே இருங்க, நல்லா இருப்பீங்க!”

விராலடிப்பானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மீன் என்னைப் புகழுதா? அப்படின்னா நான் எங்கேயோ கோட்டை விட்டுட்டேன்!”

தொபுக்கடீர்! விழுந்தான். விரால் வாலை வீசிக் கீழே நழுவிவிட்டது. வெறுங்கால்.

“ஐயோ, தவறிட்டாரு!” என்று நாமக்கோழிகள் கத்தின.

அவன் உதறிக்கொண்டு மேலே போனான். விரால் மூச்சு வாங்க வரத்தானே வேண்டும்? வந்தது. விழுந்தான். மறுபடியும் தவறினான். ஏரியே சிரித்தது. அவமானத்தில் அவனுக்கு அழுகை வந்தது. இருந்தாலும் பசி அதைவிடப் பெரிதாக இருந்ததால் மூன்றாம் முறையும் மேலே போனான்.

இந்தத் தடவை விரால் அவன் பிடியில் இருந்தது!

முள்முள்ளான உள்ளங்கால்களால் அதை இறுக்கிப் பிடித்து, தலை முன்னால் இருக்கும்படி திருப்பிக்கொண்டான். காற்று தடுக்காமல் பறக்க அதுதான் வழி. அதற்குள் செம்பருந்து பாய்ந்து வந்துவிட்டான்.

“போடு கீழே!”

முன்பெல்லாம் மிரட்டினால் போதும், மீன் கைமாறிவிடும். இன்று அதைப் போட்டால் இன்னொரு தடவை விழத் தெம்பில்லை. அவன் பிடியை விடாமல் கரையை நோக்கிப் பறந்தான். செம்பருந்து துரத்தினான், கொஞ்ச தூரத்திலேயே மூச்சிரைக்க ஆரம்பித்துவிட்டான்.

“மாப்பிள்ளே, நில்லுடா! ஒரு துண்டாவது போடு! ஆறு நாளா நானும் பட்டினி!”

“நீயுமா?” விராலடிப்பான் திரும்பிப் பார்த்தான். “நான் விழுந்தாத்தான் உனக்கும் சாப்பாடு. அப்புறம் எதுக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சே?”

செம்பருந்து துரத்துவதை விட்டுவிட்டான்.

“நீ தவறினதை எண்ணினேன், பிடிச்சதைத் தின்னேன்” என்றான். “ரெண்டையும் சேர்த்து யோசிச்சதே இல்லே.”

விராலடிப்பான் பனைமரத்தில் உட்கார்ந்து, தலையில் தொடங்கி வால் வரைக்கும் ஒன்றும் மிச்சம் வைக்காமல் தின்றான். அதன் பிறகு தினமும் விழுந்தான், தினமும் தவறினான், தினமும் தின்றான். பங்குனியில் வடக்கே கிளம்பிய அன்று காலையில்கூட இரண்டு தடவை வெறுங்காலோடுதான் எழுந்தான். நாமக்கோழிகள் வழக்கம்போலச் சிரித்தன. செம்பருந்து மட்டும் சிரிக்கவில்லை.

தவறிவிடுவோமோ என்று பயந்து முயற்சியை நிறுத்துகிறவன் நல்ல பேர் வாங்கலாம், பசியாற மாட்டான்.