தெய்வானை போட்ட இஞ்சி உறை

போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கோ கண்ணு. அத்தை சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னா கதையும் நின்னுடும், சரியா?

ம்.

மலையை விட்டு பஸ் இறங்கி மொதமொதல்ல நிக்கிற ஒரு ஊர்ல ஒரு சமையக்காரர் இருந்தார். பேரு நஞ்சப்பன். அவர் சம்சாரம் தெய்வானை. அந்தச் சுத்துவட்டாரத்துல கல்யாணமா, காதுகுத்தா, எதுன்னாலும் அவர் வெச்ச சாம்பார்தான். கரண்டியில ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில விட்டு, சப்புன்னு நக்கிப் பாப்பார். "உப்பு ஒரு கை. புளி போதும்." அவ்வளவுதான் பேசுவார்.

அப்புறம் ஒரு மழைக்காலத்துல அவருக்குக் காய்ச்சல் வந்துச்சு. வந்த காய்ச்சல் போயிடுச்சு. போறப்ப அவரோட ருசியையும் கூட்டிட்டுப் போயிடுச்சு.

ருசி எப்படி அத்தை போகும்?

போகும் கண்ணு. மூக்குக்கு வாசம் தெரியல. நாக்குக்கு உப்பும் தெரியல, இனிப்பும் தெரியல. தெய்வானை பாயசம் வெச்சுக் குடுத்தா, "சுடுதண்ணி குடிக்கற மாதிரி இருக்கு புள்ள"ன்னுட்டு டம்ளரைக் கீழ வெச்சுட்டார். டாக்டர் பாத்துட்டு, "திரும்ப வரும், எப்போன்னு சொல்ல முடியாது"ன்னார். எதைத் தின்னாலும் ஒண்ணுதானேன்னு நஞ்சப்பன் கஞ்சியோட நிறுத்திக்கிட்டார்.

அப்போ பாரு, அவரோட சிநேகிதர் மாரப்பன் பொண்ணுக்குக் கல்யாணம் வந்துச்சு. அந்தப் பொண்ணு தொட்டில்ல கிடந்தப்பவே, "இவ கல்யாணச் சாப்பாடு என் கையாலதான்"னு வாக்குக் குடுத்தவர் நஞ்சப்பன். இப்போ என்ன பண்ணுவார்? கரண்டி, ஜல்லடை, அண்டா மூடி எல்லாத்தையும் கழுவித் தொடைச்சு, கடமுட கடமுடன்னு சாக்குல போட்டுக் கட்டினார்.

"ஏனுங்க, எதுக்கு இதெல்லாம் கட்டறீங்க?"

"வேற ஆள வெச்சுக்கச் சொல்லி மாரப்பன்கிட்ட சொல்லிடறேன். சாமானும் அந்த ஆளுக்கே ஆகட்டும். உப்பு தெரியாதவன் எப்படிப் புள்ள பந்தி போடறது?"

தெய்வானை சாக்கு மேல கை வெச்சா. "கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்குதுங்க. செத்த பொறுங்க"ன்னா.

ம் சொல்லு.

ம்.

எதிர்வீட்டுல மங்களேஸ்னு ஒரு பொண்ணு குடியிருந்தா. இலங்கையில இருந்து வந்தவ. தெய்வானை அவகிட்டப் போய் அழுதா. மங்களேஸ் சொன்னா, "அக்கா, எங்கட வீட்டில காய்ச்சல்காரருக்கு வாய் செத்துப் போனா அம்மா ஜிஞ்சர் பியர் குடுப்பா. நாக்கில சுருக்கெண்டு குத்தும். பியர் எண்டு பேர்தான், பிள்ளையளும் குடிக்கிறது. நீங்களே வீட்டில செய்யலாம்."

அது இஞ்சி சோடாதான் கண்ணு. ஆனா மிஷின் இல்லாம, தானாப் பொங்கற சோடா.

முதல்ல உறை போடணும். தயிருக்கு உறை இருக்குல்ல, அந்த மாதிரி இஞ்சிக்கு ஒரு உறை. தெய்வானை இஞ்சியைத் தோலோட கரகரன்னு துருவினா. ஒரு பாட்டில்ல போட்டு, சர்க்கரை போட்டு, காய்ச்சி ஆறின தண்ணி ஊத்தி, வாயில துணி கட்டி வெச்சா. தெனமும் ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு கலக்கு. கைக்குழந்தைக்கு ஊட்டற மாதிரிதான். முதல்ல ஒண்ணுமே இல்ல. அப்புறம் ஒரு நாள் காலையில காதை வெச்சுக் கேட்டா, உள்ள முணுமுணு முணுமுணுன்னு சத்தம். குட்டிக் குட்டி நுரைமுட்டையா மேல வருது. உறைக்கு உயிர் வந்துடுச்சு.

அவளுக்குப் பொறுமை இல்ல. இஞ்சியும் சர்க்கரையும் கொதிக்க வெச்சு இறக்கினா. அந்தச் சூட்டுலயே உறை மொத்தத்தையும் வடிகட்டி ஊத்திட்டா. நாளு போகுது, பாட்டில் சும்மா கிடக்குது. ஒரு முட்டை இல்ல. நஞ்சப்பன் ஒரு வாய் குடிச்சுட்டு, "சுடுதண்ணி ஆறிப்போச்சு"ன்னார்.

மங்களேஸ் கேட்டா, "அக்கா, கொதிக்கிற பாலுக்கு ஆராவது உறை ஊத்துவினமோ?"

தெய்வானை தலையில கை வெச்சுக்கிட்டா. மறுபடி முதல்ல இருந்து துருவினா. கரகர, கரகர.

ரெண்டாந்தடவை நல்லா ஆற வெச்சா. எலுமிச்சம்பழம் புழிஞ்சா. உறையில பாதியை ஊத்தி, பாதியை மிச்சம் வெச்சா. எல்லாம் சரி. ஆனா கண்ணாடி பாட்டில்ல கழுத்து வரைக்கும் ஊத்தி, மூடியை இறுக்கித் திருகி, அடுப்பு மேடையில வெச்சுட்டுப் போயிட்டா. மூணாம் நாள் மத்தியானம் ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்திருக்காங்க, உள்ள டமார்.

ஓடிப்போய்ப் பாத்தா சுவரெல்லாம் இஞ்சித் தண்ணி, தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு. நல்லவேளை, பக்கத்துல யாரும் இல்ல.

நஞ்சப்பன் விளக்குமாறை எடுத்துக்கிட்டு, "விட்டுடு புள்ள. உன் கை காலாச்சும் நல்லா இருக்கட்டும்"னார்.

அவ அன்னைக்குச் சாப்பிடவே இல்ல. ஆனா மங்களேஸ் வந்து சுவரைப் பாத்துட்டுச் சிரிச்சா. "வெடிச்சது நல்லது அக்கா. உங்கட உறைக்குப் பலம் இருக்கு. அதுக்கு மூச்சு விட வழி விடுங்கோ."

அப்புறம் மூணாந்தடவை. கண்ணு, முழிச்சிருக்கியா?

ம்…

மிச்சம் வெச்ச உறையைத்தான் ஊத்தினா, இந்தத் தடவை பிளாஸ்டிக் பாட்டில்ல. நெறைய ஊத்தாம மேல கொஞ்சம் இடம் விட்டா. தெனமும் காலையில மூடியை லேசாத் திருகுவா. புஸ்ஸ்ஸ். மறுபடி மூடிடுவா. மறுநாள், புஸ்ஸ்ஸ். அவ திருகற சத்தம் கேட்டு நஞ்சப்பனும் கஞ்சிக் கிண்ணத்தோட வந்து எட்டிப் பாக்க ஆரம்பிச்சார். ஒரு நாள் பாட்டிலை அழுத்தினா, காத்து நெறைஞ்சு கல்லு மாதிரி கெட்டியா இருந்துச்சு. எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சா.

அடுத்த நாள் டம்ளர்ல ஊத்தினா, சர்ர்ர்னு நுரை ஏறுச்சு. நஞ்சப்பன் ஒரு வாய் குடிச்சார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடிச்சார். தெய்வானை முந்தானையைக் கையில சுருட்டிக்கிட்டு நிக்கிறா.

"எலுமிச்சம்பழம் இன்னும் அரை மூடி புழிஞ்சிருக்கணும்"னார்.

"என்னங்க சொன்னீங்க?"

"புளிப்பு பத்தல புள்ள. இஞ்சி சரியா இருக்கு. குத்துது, நல்லாக் குத்துது."

அவ அப்படியே தரையில உக்காந்து அழுதா. அவரும் பக்கத்துல உக்காந்து, டம்ளரை அவ கையில குடுத்து, "நீயும் குடி"ன்னார்.

இனிப்பு அதுக்கப்புறம் மெதுவா எட்டிப் பாத்துச்சு. உப்பும் வாசமும் மட்டும் வரல. கல்யாணமும் நெருங்கிடுச்சு. ஒரு நாள் சாயங்காலம் நஞ்சப்பனே சாக்குக் கட்டை அவிழ்த்தார். கரண்டியை எடுத்து அவகிட்ட நீட்டினார்.

"காரமும் புளியும் நான் பாத்துக்கறேன். உப்பு நீ பாரு."

"எனக்குப் பயமா இருக்குதுங்க. அத்தனை பேரு சாப்புடுவாங்க."

"எனக்கும்தான் பயம். ரெண்டு பேரும் சேந்து பயந்துக்கலாம், வா."

கல்யாணத்தன்னைக்கு அண்டாவுல சாம்பார் தளதளன்னு கொதிக்குது. தெய்வானை உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு, சப்புன்னு பாத்தா. "இன்னும் ஒரு கை"ன்னா. அவர் மறுபேச்சு பேசாம அள்ளிப் போட்டார். பந்தியில மாரப்பன் ரெண்டாவது தடவை சாம்பார் கேட்டார். கல்யாணப் பொண்ணும் கேட்டா.

அப்புறம் ரசத்துக்குத் தாளிச்சாங்க. எண்ணெயில கறிவேப்பிலை சடசடன்னு பொரிஞ்சுது. நஞ்சப்பன் குனிஞ்சவர் நிமிரவே இல்ல. மூக்கை உறிஞ்சினார். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி உறிஞ்சினார். தெய்வானை பாத்துக்கிட்டே இருந்தா. இன்னொரு கொத்து கறிவேப்பிலையை உருவி, அவர் மூஞ்சிக்கு நேரா எண்ணெயில போட்டா.

கண்ணு?

"ம்" நின்னுடுச்சு. அப்போ கதையும் நின்னாச்சு. தூங்கு தங்கம்.