சபாநாயகம் குடிக்காத காபி

லிஃப்டுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் தில்ஷாத் ஒப்பந்த ஊழியர். மேலாளர் சபாநாயகம் நிரந்தர ஊழியர், ஆகவே அறிவாளி.

அந்த மென்பொருளை வாங்க வந்தவர்கள் முன்னிலையில் அவர் சொன்னார்: "சோதனை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடும்மா. இல்லேன்னா நாளைக்கு வராதே."

"சோதனை ஓடவே இல்லை சார்."

"கம்ப்யூட்டரே சொல்லுது, பார்." அவர் 'சோதனை' என்று தட்டிக் கட்டளையிட்டார். 'சோதனை தயார், செய்ய எதுவுமில்லை' என்று திரையில் வந்தது.

தில்ஷாத் 'காபி' என்ற பெயரில் காலி ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி, 'காபி' என்று கட்டளையிட்டாள். 'காபி தயார், செய்ய எதுவுமில்லை' என்று வந்தது.

"குடிங்க சார்."

"எங்கேம்மா காபி?"

"கம்ப்யூட்டரே சொல்லுதே சார். அந்தப் பேர்ல ஃபோல்டர் இருந்தா வேலை முடிஞ்சதுன்னு அது நம்பிடும். 'சோதனை'ன்னும் ஒரு ஃபோல்டர் இருக்கு. ஃபோல்டரைப் பார்க்காம சோதனையை ஓட்டுன்னு ஒரு வரி எழுதணும்."

எழுதினாள். சோதனை முதல்முறையாக ஓடியது. இரண்டு மாடிகளுக்கு நடுவே கதவு திறந்துகொள்கிறது என்று திரை சொன்னது.

கையெழுத்தை அப்புறம் யாரும் கேட்கவில்லை. கம்பெனி இருந்த கட்டடத்து லிஃப்டும் அதே மென்பொருளில் ஓடுவதுதான். வந்தவர்கள் ஆறு மாடியும் படியில் இறங்கினார்கள். வழியனுப்பப் போன சபாநாயகமும் படியில்தான் இறங்கினார்.